ரப்பர் வெந்நீர்ப் பை ரிவ்யூ: ஆபரேஷனுக்கு அப்புறம் வயித்துக்குள்ள ஒட்டிக்கிட்ட வலியோட இருக்கறவங்களுக்கு

இது ஒரு சாதாரண ரப்பர் வெந்நீர்ப் பைக்கு எழுதற ரிவ்யூதான். 2 லிட்டர் சைஸ், ரெண்டு பக்கமும் வரிவரியா இருக்கற ரப்பர், மேல ஒரு பின்னல் உறை, சிங்கப்பூர் முஸ்தபா கடையில வாங்குனது, 15 வெள்ளி கூட ஆகல. இதுக்கு எதுக்கு இவ்ளோ நீளமா எழுதறேன்னா, வயித்துல ஆபரேஷன் ஆகி, வெளித்தழும்பு நல்லா ஆறிப்போயி, ஆனா உள்ள ஒட்டிக்கிட்டதால தினமும் ஒரு வலியோட வேலைக்குப் போயி, சமைச்சு, புள்ளைங்களப் பாத்துக்கிட்டு இருக்கறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க, அதுல பல பேர் வெளிய வாயத் தொறக்கறதே இல்ல. சொன்னா "ஆபரேஷன் முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு, இன்னுமா வலிக்குது"ன்னு கேப்பாங்கன்னு ஒரு தயக்கம். அவங்களுக்காகத்தான் எழுதறேன்.

என் விஷயத்த சுருக்கமா சொல்றேன். கல்யாணத்துக்கு முன்னாடி அப்பெண்டிக்ஸ் வெடிச்சு அவசரமா வயித்தத் தொறந்தாங்க. பல வருஷம் கழிச்சு ஃபைப்ராய்டு கட்டிக்காக கர்ப்பப்பை எடுத்தாங்க. அந்த ரெண்டாவது ஆபரேஷன் பண்ணும்போதே குடல்ல ஒரு பகுதி வயித்துச் சுவரோட போயி ஒட்டியிருக்கறத சர்ஜன் பாத்து ரிப்போர்ட்ல எழுதியிருந்தாரு, முடிஞ்ச அளவு பிரிச்சும் விட்டாரு. அப்புறம் மறுபடி வலி. வலது பக்கம் அடிவயித்துல, உள்ளேர்ந்து யாரோ புடிச்சு இழுக்கற வலி. ஜன்னலுக்கு வெளிய மூங்கில் கம்புல துணி காயப்போட கையத் தூக்கி எக்கும்போது வரும், தூக்கத்துல புரண்டு படுக்கும்போது வரும், வயிறு நிறைய சாப்பிட்டா கொஞ்ச நேரத்துல முறுக்கிக்கிட்டு வரும். வீவக அடுக்குமாடி வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியும், ஈரத் துணி மாட்டுன கம்பத் தூக்கி ஓட்டைக்குள்ள சொருகறதுக்கு வயித்துத் தசை எவ்ளோ வேலை செய்யணும்னு.

உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன், இது புரிஞ்சாத்தான் இந்தப் பை எதுக்கு உதவும் எதுக்கு உதவாதுன்னு புரியும். குடல், கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை எல்லாத்து மேலயும் பெரிட்டோனியம்னு ஒரு மெல்லிசான வழவழப்பான சவ்வு இருக்கு, அதனாலதான் உறுப்புங்க ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிக்கிட்டே இருக்கு. கத்தி பட்டாலும், சீழ் புடிச்சாலும், காத்துபட்டுக் காஞ்சாலும், சும்மா கையால நகர்த்துனாலும் கூட அந்தச் சவ்வு புண்ணாகுது. புண்ணான இடத்துல ஃபைப்ரின்னு ஒரு பசை ஊறும். அது சில நாள்ல தானா கரைஞ்சிட்டா பிரச்சனை இல்ல. கரையலன்னா அது மேல செல்லு வளந்து, நாரு நாரா கெட்டியாகி, ரத்தக்குழாய் கூட உண்டாகி நிரந்தரமான கட்டா ஆயிடுது. இதத்தான் அட்ஹீஷன்னு டாக்டருங்க சொல்றாங்க. ஆபரேஷன் ஆன முதல் வாரத்துலயே இதோட தலையெழுத்து முக்கால்வாசி முடிவாயிடுது. சூடா தோசைய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சிட்டு அப்புறமா பிரிச்சுப் பாருங்க, ஒண்ணோட தோல் இன்னொண்ணோட பிஞ்சு வரும், பிஞ்ச இடம் மறுபடி ஒட்டும். ஆபரேஷன் பண்ணிப் பிரிச்சாலும் ஏன் திரும்ப ஒட்டுதுன்னு எனக்குப் புரிஞ்சது அப்படித்தான்.

வயித்துல பெரிய ஆபரேஷன் பண்ணவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு உள்ள எங்கயாவது இப்படி ஒட்டத்தான் செய்யுது, ஆனா நெறைய பேருக்கு ஒரு தொந்தரவும் வராது. வர்றவங்களுக்கு லேசுல விடாது. ஸ்காட்லாந்துல 1986ல வயிறு இல்ல இடுப்புக்குழியத் தொறந்து ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 29,790 பேர 10 வருஷம் தொடர்ந்து பாத்து, 1999ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல போட்டாங்க. மூணுல ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வந்திருக்காங்க, அதுவும் சராசரியா ரெண்டு தடவை. ஒண்ணு அட்ஹீஷனோட சம்பந்தம் இருக்குற, இல்ல இருக்கலாம்னு தோணுற பிரச்சனை, இல்லன்னா அட்ஹீஷனால சிக்கலாகக்கூடிய இன்னொரு ஆபரேஷன். இத்தனை பேருக்கு நடக்குற ஒரு விஷயத்த ஆபரேஷனுக்கு முன்னாடி கையெழுத்து வாங்குற பேப்பர்ல ஒரு வரில சொல்லிட்டுப் போயிடறாங்கன்னு எனக்கு வருத்தம் இருக்கு.

இதுல ரொம்பக் கஷ்டமான விஷயம் ஸ்கேன். அல்ட்ராசவுண்டும் சிடியும் எடுத்தா பெரும்பாலும் நார்மல்னுதான் வரும், ஏன்னா மெல்லிசான ஒட்டுங்க அதுல தெரியாது, கேமரா விட்டு நேர்ல பாத்தாத்தான் உறுதியா சொல்ல முடியும். ஸ்கேன் நார்மல்னா வலியே இல்லன்னு அர்த்தம் கிடையாது. இத என் வீட்டுக்காரருக்குப் புரிய வைக்கவே எனக்குக் கொஞ்ச காலம் ஆச்சு, அவரு நல்லவருதான், ஆனா ரிப்போர்ட்ல இல்லாதத நம்பறது யாருக்கும் சுலபமில்ல.

அப்ப திரும்ப ஆபரேஷன் பண்ணி எல்லாத்தையும் பிரிச்சுவிட்டா என்னன்னு நானும் கேட்டேன். நெதர்லாந்துல 100 பேர வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2003ல அதுவும் லான்செட்ல வந்துச்சு. பாதி பேருக்கு உள்ள போயி ஒட்டுனதப் பிரிச்சு விட்டாங்க, மீதிப் பேருக்கு கேமராவால பாத்துட்டு மட்டும் வந்துட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு பக்கமும் வலி குறைஞ்சிருந்துச்சு, ஆனா பிரிச்சுவிட்டவங்களுக்கு அதிகமா ஒண்ணும் பலன் தெரியல. குடல் அடைச்சுக்கிச்சுன்னா அது வேற விஷயம், அப்ப ஆபரேஷன் உயிரக் காப்பாத்தும். வெறும் வலிக்காக மட்டும் திரும்பத் திரும்ப வயித்தத் தொறக்க என் சர்ஜன் தயங்குனாரு, அந்தத் தயக்கம் நியாயமானதுன்னு எனக்கும் பட்டுச்சு. பாலிகிளினிக்ல எழுதி வாங்கிட்டு பிசியோதெரபிக்குப் போனேன், அங்கதான் சூடு ஒத்தடத்த ஒழுங்கா எப்படிக் குடுக்கறதுன்னு சொல்லிக் குடுத்தாங்க.

இப்ப பைக்கு வர்றேன்.

இந்தச் சூடு உள்ள இருக்கற ஒட்டக் கரைக்காது. இத முதல்லயே தெளிவா வச்சுக்கணும், ஏன்னா கரைக்கும்னு சொல்லி விக்கறவங்க இருக்காங்க. ஒரு மசாஜ் இடத்துல (பேரு போட விரும்பல) பேக்கேஜ் எடுத்தா உள்தழும்பு கரைஞ்சு போயிடும்னு அடிச்சுச் சொன்னாங்க, எந்தக் கையாலயும் எந்தச் சூட்டாலயும் அது நடக்கும்னு நம்பற மாதிரி ஒரு ஆதாரமும் நான் பாக்கல, எந்திரிச்சு வந்துட்டேன். அப்ப சூடு என்னதான் செய்யுதுன்னா, உள்ள இழுக்கற வலி வரும்போதெல்லாம் வயித்துத் தசை நம்மக் கேக்காமலே இறுகிக்குது, பாதுகாப்புக்காக. நாள் பூரா இறுகி இறுகி அந்தத் தசையே தனியா வலிக்க ஆரம்பிச்சிடும், இடுப்பு, தொடை வரைக்கும் போகும். எனக்கு வந்த மொத்த வலில பெரிய பங்கு இதுதான்னு பிசியோ கைய வச்சு அழுத்திக் காட்டும்போதுதான் தெரிஞ்சுச்சு. சூடு பட்டா அந்த இறுக்கம் விடுது. அதோட தோல்லேர்ந்து போற சூட்டு உணர்ச்சி, வலி மூளைக்குப் போற பாதையில கொஞ்சம் குறுக்க நிக்குது. மெல்சாக், வால்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1965ல இந்த மாதிரி முதுகுத்தண்டுல ஒரு கதவு (கேட்) தொறந்து மூடுதுன்னு சொன்னாங்க, அடிபட்ட இடத்த நாம தன்னால தேச்சு விட்டுக்கறதும் அதனாலதான்.

நான் பண்றது இப்படி. கெட்டில்ல தண்ணி கொதிச்ச உடனே ஊத்தறதில்ல, மூடியத் தொறந்து கொஞ்ச நேரம் ஆற விடுவேன். பையோட கழுத்த நேராப் புடிச்சிக்கிட்டு மூணுல ரெண்டு பங்குக்கு மேல போகாம மெதுவா ஊத்தணும், வேகமா ஊத்துனா உள்ள இருக்கற காத்து தண்ணியத் திரும்பக் கை மேலயே தள்ளும். அப்புறம் சிங்க் மேடைல பைய மெதுவாப் படுக்க வச்சு, கழுத்து மட்டும் மேல இருக்க, தண்ணி வாய் வரைக்கும் வர்ற மாதிரி அழுத்திக் காத்தப் பூரா வெளியேத்திட்டுத்தான் திருகு மூடியப் போடணும். காத்து உள்ள இருந்தா பை பலூன் மாதிரி நிக்கும், வயித்து மேல படியாது, ஒரு எடத்துல மட்டும் சுடும். காத்து போயிடுச்சுன்னா அப்படியே குழைஞ்சு வந்து இடுப்பெலும்புக்கு உள்பக்கமாப் படிஞ்சு உக்காரும், மின்சார பெல்ட்டுல எனக்குக் கிடைக்காதது இதுதான். தலைகீழாக் கவுத்து ஒரு சொட்டு கூட வரலைன்னு பாத்துட்டுத்தான் உறைக்குள்ள போடுவேன். முட்டிக்குக் கீழ தலையணை வச்சு மல்லாந்து படுத்து, பையை வலது பக்கம் வச்சு, வயிறு மேல எழும்பற மாதிரி மூச்ச இழுத்து விடுவேன். பையோட கனம் மூச்சோட ஏறி எறங்கறது தெரியும். 15, 20 நிமிஷம் போதும். ஃபேன நல்லா வேகமா வச்சுக்கோங்க, நம்ம ஊர் வெக்கைல இல்லன்னா வேர்த்து ஊத்தும்.

வாங்கும்போது பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, கடைல யாரும் சொல்ல மாட்டாங்க. பையோட கழுத்துக்கிட்ட, புனல் மாதிரி விரிஞ்ச பாகத்துல, ரப்பர்லயே ஒரு சின்னப் பூ அச்சு இருக்கும். நடுவுல இருக்கற நம்பர் தயாரிச்ச வருஷம், சுத்தி இருக்கற 12 இதழும் 12 மாசம், இதழுக்குள்ள புள்ளி எத்தனை இருக்கோ அது வாரம். ரப்பர் உக்காந்த எடத்துலயே வயசாகி வெடிக்கும், அதனால கடையிலயே பல வருஷம் கெடந்த பையை மலிவுன்னு எடுக்காதீங்க. ரெண்டு மூணு வருஷத்துக்கு மேல ஓட்டவும் வேணாம். பிஎஸ் 1970னு பிரிட்டிஷ் தரக்குறி போட்டிருந்தா நல்லது. பூ இல்லாத பைகளும் விக்கறாங்க, நான் வாங்க மாட்டேன்.

ஆபரேஷன் பண்ணவங்க கட்டாயம் கவனிக்க வேண்டியது தழும்பச் சுத்தி இருக்கற மரத்துப்போன தோல். வெட்டும்போது தோலுக்குப் போற நரம்பும் வெட்டுப்படறதால அந்த எடம் வருஷக்கணக்கா உணர்ச்சி இல்லாமலே இருக்கும். உங்களுக்குச் சுடறதே தெரியாது, ஆனா தோல் வெந்துடும். மடக்குன கைல பையை வச்சு முதல்ல சூட்டப் பாருங்க, அப்புறம் உறைக்கு மேல ஒரு கைத்துண்டும் போட்டு வைங்க, மரத்த எடத்துக்கு நேரா வைக்காம கொஞ்சம் தள்ளி வைங்க. தூங்கும்போது வேண்டவே வேணாம். தினமும் ஒரே எடத்துல சூடு வச்சா தோல்ல வலைபோட்ட மாதிரி செம்பழுப்பா ஒரு நிறம் வரும், கொப்புளம் எதுவும் இல்லாமலே வரும். அது வந்தா சூடு அதிகமாப் போயிடுச்சுன்னு அர்த்தம், நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. என் மாமிக்கு கோடாலித் தைலம் மேல தனி நம்பிக்கை, எனக்கும் புடிக்கும், ஆனா தைலம் தடவிட்டு அதே எடத்துல வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, எரிஞ்சு புண்ணாயிடும். மாமிகிட்ட இதச் சொன்னப்ப "அப்ப தைலத்த நெத்தில தடவிக்கோம்மா, பைய வயித்துல வச்சுக்கோ"ன்னாங்க, நல்ல தீர்வுதான்.

மத்த சாமானோட ஒப்பிட்டுச் சொல்லணும்னா, மைக்ரோவேவ்ல சூடு பண்ற கோதுமைப் பை இதமா இருக்கும், ஆனா நம்ம ஈரக் காத்துல சீக்கிரம் பூஞ்சை வாடை வந்துடும், அதிகமா சூடாக்குனா தீயும் புடிக்கும். மின்சார பெல்ட் ஆன்லைன்ல ஒண்ணு வாங்குனேன், ஆஃபீஸ் நாற்காலில உக்காந்துக்கிட்டே போட்டுக்கலாம்கறது பெரிய வசதி, ஆனா தானா அணையற ஸ்விட்ச் கொஞ்ச நாள்லயே வேலை செய்யாமப் போச்சு, மரத்த தோலோட அது ஆபத்துங்கறதால தூக்கிப் போட்டேன். காத்து பட்டா தானா சூடாகற இரும்புத்தூள் பேட்ச் வெளிய போகும்போதுக்கு நல்லது, துணி மேல ஒட்டறதா தோல்ல ஒட்டறதான்னு பாக்கெட்ல படிச்சிட்டு ஒட்டுங்க, துணிக்கு உள்ளதத் தோல்ல ஒட்டுனா சுட்டுடும். தினசரிக்கு அது கட்டுப்படியாகாது. வயித்து பெல்ட், அதாவது பைண்டர், எனக்கு இருமும்போதும் கனம் தூக்கும்போதும் மட்டும் உதவுது, நாள் பூரா போட்டா சாப்பாடு எறங்க மாட்டேங்குது.

வெளிய போறதுன்னு சொன்னதும் இன்னொண்ணு. "மே ஐ ஹேவ் எ சீட் ப்ளீஸ்"னு எழுதின கழுத்துப்பட்டை எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல பயணிகள் சேவை கவுன்டர்ல கேட்டா குடுக்கறாங்க, வெளிய தெரியாத உடம்புக் கஷ்டம் இருக்கறவங்களுக்காகவே வந்தது. பாக்க நல்லா இருக்கற ஒரு பொம்பள முன்னுரிமை சீட்டுல உக்காந்தா பாக்கற பார்வை இருக்கே, அது எனக்கு வலிய விட அதிகமா வலிக்கும். இதப் போட்டுக்கிட்டு வடகிழக்குப் பாதையில காலை நேரக் கூட்டத்துல நின்னப்ப, ஒரு பள்ளிக்கூடப் பையன் ஒரு வார்த்தை கேக்காம எந்திரிச்சு இடம் குடுத்தான். வெக்கப்படாமக் கேட்டு வாங்கிக்கோங்க.

சாப்பாட்டுல நாரு எனக்கு ஆகறதில்ல, கங்கோங் கீரைத் தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, காளான், வெள்ளைத் தோலோட ஆரஞ்சு, இதெல்லாம் வலி இருக்கற நாள்ல தொடறதில்ல. பசியாறவே ரெண்டு இட்லி, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணுன்னு பிரிச்சுச் சாப்பிடறேன். உங்களுக்கு எது ஒத்துக்குதுன்னு டயட்டீஷியன்கிட்ட பேசிக்கோங்க, ஆளுக்கு ஆள் மாறும்.

இதுல ஒரு நட்சத்திரம் குறைக்கறேன், பையோட தப்பு இல்ல, ஆனா சொல்லியாகணும். சூடு வலிய மறைக்கும். குடல் அடைப்புக்கு, அதுவும் சிறுகுடல் அடைப்புக்கு, முதல் காரணமே இந்த அட்ஹீஷன்தான், அது எத்தனை வருஷம் கழிச்சும் வரலாம். வலி அலை அலையா விட்டு விட்டு முறுக்குது, வாந்தி நிக்கல அதுவும் பச்சையா வருது, வயிறு உப்பிக் கல்லாயிடுச்சு, காத்தும் மலமும் போகல, காய்ச்சல் அடிக்குது, இதுல எது வந்தாலும் பைய எடுத்து ஓரமா வச்சிடுங்க. பேதி மாத்திரை போட்டுப் பாக்கறது, ஓமத் தண்ணி குடிச்சுப் பாக்கறது எதுவும் வேணாம், சாப்பிடாம நேரா அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க, நடக்க முடியலன்னா 995க்கு அடிச்சு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. போன உடனே பழைய வயித்து ஆபரேஷன் எல்லாத்தையும் சொல்லுங்க, அது அவங்களுக்கு ரொம்ப முக்கியமான தகவல். எனக்கு ஒரு தடவை அப்படி ஆச்சு, மூக்கு வழியா ட்யூப் விட்டு, டிரிப் ஏத்தி, குடலுக்கு ஓய்வு குடுத்ததுல கத்தி வைக்காமலே சரியாச்சு. அது நேரத்துல போனதால.

இன்னொரு வயித்து ஆபரேஷன் வரப்போகுதுன்னா முன்னாடியே சர்ஜன்கிட்ட கேளுங்க, சின்ன ஓட்டை போட்டு லேப்ராஸ்கோப்பில பண்ண முடியுமா, ஒட்டாம இருக்க நடுவுல வைக்கற கரையக்கூடிய படலம் இருக்கே அது நமக்குப் பொருந்துமான்னு. கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க.

பைய யூஸ் பண்ணி முடிச்சதும் தண்ணியக் கொட்டிட்டு, மூடி போடாம தலைகீழா நிழல்ல மாட்டி வைங்க, வெயில் படற ஜன்னல்கிட்ட வேணாம், ரப்பர் பிசுபிசுன்னு ஆயிடும். திருகு மூடில இருக்கற வாஷர் வெடிச்சிருக்கான்னு அப்பப்ப பாருங்க. ஒல்லியா இருக்கறவங்களுக்கும், தொட்டாலே வயிறு வலிக்கறவங்களுக்கும் 2 லிட்டர் பை கனமாத் தெரியும், 1 லிட்டர் பை வாங்குங்க. யாராவது ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா பழக்கூடைக்குப் பதிலா இதையே வாங்கிக் குடுக்கலாம், ஆனா புதுக் காயத்து மேல இத வைக்கக் கூடாது, டாக்டர் சரின்னு சொன்னதுக்கப்புறம்தான் வைக்கணும்னு குடுக்கும்போதே சொல்லிடுங்க.